தொண்ணூற்று நான்கில் கொதிக்கும் வீடு

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞான பாடத்துக்கு நான் பெற்றது ‘எஸ்’. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏ, பீ, சீ எல்லாம் உள்ளே உட்கார்ந்துவிட்ட பிறகு, பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருவதுதான் எஸ். ஊர் போய்ச் சேரலாம். உட்கார்ந்து வந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதன் பிறகு கலைப் பிரிவில் வரலாறு படித்து, நுவரெலியா நகரத்துப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பித்து, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் பிறரைச் சிரிக்க வைப்பதாக நினைத்துக் கட்டுரைகள் எழுதி, ஐம்பதை நெருங்கிவிட்டேன். அந்த எஸ்ஸைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

என் மனைவிதான் அதைத் தோண்டி எடுத்தாள்.

அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் உதவியாளர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் வழியில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கல்யாணமான காலத்திலிருந்து அங்கேதான் வேலை. காய்ச்சல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டுக்குத் தூக்கம் வரும் என்பதும் தெரியும். ஆனால் பொறுப்பாளர் பதவி மட்டும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. காரணம், அந்தப் பதவிக்குச் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியடைந்திருக்க வேண்டும். என் மனைவி படித்த காலத்தில் அவளுடைய தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. விஞ்ஞான பாட நேரத்தில் பிள்ளைகள் பின்பக்கம் கரட் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கரட் நன்றாக வந்தது. பரீட்சையில் கரட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

வருட முடிவில் அப்போதைய பொறுப்பாளர் மாற்றலாகிப் போகப் போவதாகத் தெரிந்ததும், விஞ்ஞானச் சித்தியைக் கொண்டுவந்தால் பதவி உங்களுக்குத்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொரு தடவை இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

“இன்னொருத்தி கையில காம்பரா சாவிய எடுத்துக் குடுக்க இனிமே என்னால ஏலாதுங்க. சோதன எழுதப் போறேன். நீங்க சொல்லிக் குடுங்க.”

என் எஸ்ஸைப் பற்றி அப்போது சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தனக்கு அதுவும் இல்லையே என்றாள்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாயிற்று. பாடநூலில் உயிரியல் பகுதி அவளுக்கு வீட்டு முற்றம் மாதிரி. பல் முளைப்பதிலிருந்து வயிற்றோட்டம் வரை புத்தகம் சொல்லியதைவிட அதிகம் சொன்னாள். இரசாயனவியலை ஒருவாறு மனப்பாடத்தால் சமாளித்தாள். பௌதிகவியல்தான் சுவர் மாதிரி நின்றது. ஒரு விதியை வாசிப்பாள், நிறுத்துவாள், புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, இதை முதலில் பார்த்தவன் யார், அவனுக்கு என்ன கேடு வந்தது இதைப் போய்ப் பார்க்க என்று கேட்பாள்.

இங்கேதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக வரலாறு எதற்கோ பயன்பட்டது. விதிகள் எனக்குத் தெரியாது. விதிகளைக் கண்டுபிடித்தவர்களின் குடும்ப விவகாரங்கள் எல்லாம் தெரியும். வேலையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். புத்தகத்தில் உள்ளது அவளுக்கு, புத்தகத்துக்குப் பின்னால் உள்ள வம்பு எனக்கு.

பாரமான பொருளும் இலேசான பொருளும் ஒன்றாகத்தான் விழும் என்று சொன்ன இத்தாலிக்காரரை, வானத்தைப் பற்றியும் வாயைத் திறந்ததால் வயதான காலத்தில் வீட்டுக்காவலில் வைத்த கதையைச் சொன்னேன். காவலில் இருந்தவருக்கு யார் சமைத்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகத்தை மூடியதும் தாயின் வீட்டுக்குத் திரும்பி, தோட்டத்தில் உட்கார்ந்து பூமி எதனால் எல்லாவற்றையும் இழுக்கிறது என்று யோசித்த ஆங்கிலேய இளைஞரைப் பற்றிச் சொன்னேன்.

“நீங்களுந்தான் கொரோனா ஊரடங்குல வீட்ல இருந்தீங்க” என்றாள். “என்னத்த கண்டுபிடிச்சீங்க?”

அந்தக் காலத்தில் நான் கண்டுபிடித்தது, கதிரையை எந்த மூலையில் போட்டால் பக்கத்து வீட்டு இணையத் தொடர்பு கிடைக்கும் என்பதை மட்டும்தான். அதைச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அந்தப் பெரியவர்கள் எல்லாரும் முதலில் தப்பாகச் சொன்னவர்கள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெப்பமானிக்கு அளவு குறித்த சுவீடன் தேசத்துக்காரர், முதலில் கொதிநீருக்குச் சைபரும் பனிக்கட்டிக்கு நூறும் போட்டுவிட்டார், அவர் செத்த பிறகுதான் மற்றவர்கள் அதை நிமிர்த்தி வைத்தார்கள் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். விஞ்ஞானம் என்றால் சாமி வாக்கு என்று நினைத்துப் பயந்திருந்தவள், அது நம்மைப் போல் தடுமாறுகிற ஆட்களின் வேலைதான் என்று தெரிந்ததும் புத்தகத்தோடு சண்டைக்கு நிற்க ஆரம்பித்தாள். நான் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். அதையும் தெரிந்து கற்றுக்கொடுக்கவில்லை.

சண்டை பெரிதானது வெப்பம் பற்றிய பாடத்தில். நீரின் கொதிநிலை நூறு பாகை என்று போட்டிருந்தது. பிள்ளைக் காம்பராவின் சுவரிலும், குடிநீரை நூறு பாகையில் கொதிக்கவைத்து ஆறியபின் கொடுக்கவும் என்று ஒரு பழைய அட்டை தொங்குகிறதாம். எத்தனையோ வருடமாகத் தினமும் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன், ஒருநாளாவது அந்த நூறைக் கண்ணால் பார்க்க வேண்டாமா என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. நகரத்தில் கொப்பி, பேனை, சப்பாத்து, மலர்வளையம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் விற்கும், நானா என்று எல்லாரும் அழைக்கும் முஸ்லிம் வியாபாரியின் கடையில், சிவப்புக் கோடு ஏறும் கண்ணாடி வெப்பமானி ஒன்று வாங்கி வந்தேன்.

கேத்தலை அடுப்பில் வைத்தாள். மூடியைத் திறந்து, வெப்பமானியை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கோடு ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கோடு தொண்ணூற்று நான்கில் வந்து நின்றுவிட்டது. அடுப்பைக் கூட்டினாள். ஆவி முகட்டில் முட்டியது. கோடு அசையவில்லை.

“வெப்பமானி பழுது” என்றேன், எஸ் எடுத்தவனுக்கே உரிய உறுதியோடு.

மறுநாள் மாற்றி வாங்கி வந்தேன். இரண்டாவதும் தொண்ணூற்று நான்கு. இந்த முறை அவளும் கூடவே கடைக்கு வந்தாள். நானா அலுத்துக்கொள்ளாமல் மூன்றாவதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேசைக்குக் கீழிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துக் காட்டினார். பெட்டி நிறைய வெப்பமானிகள்.

“இது உங்களுக்கு மட்டும் இல்ல மாஸ்டர்” என்றார். “பிள்ளைகள் புரொஜெக்ட் செய்யன்னு வாங்கிப் போறாங்க. அடுத்த நாளே தாய்தகப்பன் வந்து திருப்பித் தாராங்க. நூறு காட்டுதில்லையாம்.”

கொழும்பிலிருந்து சரக்கு அனுப்பும் முதலாளியிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னதாகவும், ஒரு தடவை பெட்டியையே திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். “அங்க கொதிக்கிற தண்ணில போட்டுப் பாத்திருக்காங்க. டாண் என்று நூறு காட்டுதாம். இங்க வந்தாத்தான் கெட்டுப் போகுது. எனக்கு என்ன வெளங்குதெண்டா, இறம்பொடை ரோட்டு வளைவுகள்ல லொறி குலுங்கி வரக்குள்ள உள்ளுக்கு ஏதோ எறங்கிப் போகுது.”

எவ்வளவு அழகான விளக்கம். காரணம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, கொழும்பில் செய்த பரிசோதனை கூட இருக்கிறது. எனக்கு உடனே பிடித்துப் போய்விட்டது. எல்லாமே ஒரே மாதிரி, ஒரே அளவுக்கா கெட்டுப் போகும் என்று திரும்பி வரும்போது மனைவி கேட்டாள். ஒரே லொறி, ஒரே வளைவுகள், ஆகவே ஒரே பழுது என்று பதில் சொன்னேன். வரலாற்றில் எத்தனையோ தப்பான கொள்கைகள் எப்படி நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தன என்று நான் வகுப்பில் பிள்ளைகளிடம் வியந்ததுண்டு. அன்று எனக்கு அந்த வியப்பு போய்விட்டது.

மூன்றாவதும் தொண்ணூற்று நான்கிலேயே நின்றது. மனைவி மட்டும் பிடிவாதமாக நின்றாள். நூறைப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டேன் என்று புத்தகத்தை அந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒளி, மின்னியல், அமுக்கம் எல்லாம் பின்னால் வரிசையில் நின்றன. எழுதிவிட்டுப் போ, நூறு என்று எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று கெஞ்சினேன். பார்க்காததை எழுதித்தான் அந்தக் காலத்தில் தோற்றேன் என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறியின் சாரதி. திரும்பி வரும்போது வெறும் லொறியாக வராமல் கடைகளுக்குச் சாமான் ஏற்றி வருவான். நானாவின் கடைக்கும் அவன்தான். லொறி குலுங்கி வெப்பமானி கெட்டுப்போகிறது என்ற கொள்கையை நான் விளக்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“நான் முட்டைய ஒடையாம கொண்டாறவன் மச்சான்” என்றான். “கண்ணாடிக் குச்சி கெட்டுப் போகுதாமா? அதும் என் லொறில?”

சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்துவதற்காக நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். எனக்குத் தெரிந்த வேறு பக்கம் ஒன்றுதான், வரலாறு. மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் பாதரசக் குழாயின் கதையைத் தொடங்கினேன்.

நாம் எல்லாரும் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் காற்றுக்கும் பாரம் உண்டு என்று சொன்னவர் இன்னொரு இத்தாலிக்காரர். ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாத்திரத்தில் கவிழ்த்தார். பாதரசம் முழுவதும் கொட்டவில்லை. வெளியே உள்ள காற்று அமுக்கிக்கொண்டு அதைத் தாங்கி நின்றது. பிரான்ஸில் ஒரு நோயாளி மனிதருக்கு இதைக் கேட்டதும் ஒரு யோசனை. காற்றுக் கடல் உண்மையானால், மலை மேலே போகப் போகத் தலைக்கு மேல் காற்றுக் குறையும், அமுக்குவதும் குறையும், குழாயில் பாதரசம் இறங்கும். அவருக்கு உடம்பு முடியாது. ஊரில் மலையும் இல்லை. மலை இருக்கும் ஊரில் அவருடைய அக்காவின் புருஷன் இருந்தார். கடிதம் எழுதி அவரை ஏற்றிவிட்டார். அடிவாரத்தில் ஒரு மடத்துச் சாமியார், இன்னொரு குழாயின் முன்னால் நாள் முழுவதும் காவல் உட்கார்ந்திருந்தார். உச்சியில் பாதரசம் இறங்கியது. அடிவாரத்தில் அசையவில்லை. உலகமே மூக்கில் விரலை வைத்தது.

கதையை நல்ல ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். முடித்துவிட்டுத் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

“அந்த மல எவ்வளவு ஒசரம்?” என்று மனைவி கேட்டாள்.

கைத்தொலைபேசியில் பார்த்தேன். ஆயிரத்து நானூறு மீற்றருக்குச் சற்று மேல்.

“நம்ம வீடு?”

இதற்குத் தொலைபேசி தேவையில்லை. நகரமே ஆயிரத்து எண்ணூற்றுக்கு மேல். எங்கள் தோட்டம் நகரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கேத்தலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வகுப்பில் என் மாணவர்களிடம் ஒரு நாளும் வரவழைத்ததில்லை.

“அப்ப அவரு மூச்சு வாங்க ஏறிப் போனாரே அந்த உச்சி, அதுக்கும் மேலயாங்க நம்ம சோறாக்கிக்கிட்டு இருக்கோம்?”

பிறந்ததிலிருந்து மலையிலேயே இருப்பவர்களுக்கு மலை என்பது எப்போதும் வேறு எங்கோ இருக்கிறது. எதிரே தெரிகிறதே, அதுதான் மலை. நாம் நிற்கும் இடம் வெறும் தரை. பிரான்ஸ் தேசத்து மலையின் கதையை நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருந்த நான், அதைவிட உயரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

மேலே காற்று அமுக்குவது குறைவென்றால் தண்ணீருக்குப் பொங்கிக் கிளம்புவது சுலபம்தானே என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய், கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அமுக்கம் குறையும்போது கொதிநிலை குறையும் என்று அடுத்த பக்கத்தில், நடுவிலேயே, தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நான் சிரித்தேன். மச்சான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “எழுதியிருந்தாப் போதுமா? பாக்கணும்” என்றாள்.

திட்டம் அங்கேயே தீர்மானமானது. மச்சான் மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகிறான். கேத்தலையும் சிறிய அடுப்பையும் ஒரு வெப்பமானியையும் கொண்டு போய், வழியில் நிறுத்தி நிறுத்திக் கொதிக்க வைத்துப் பார்க்கட்டும். அவன் லொறியின் மானமும் காப்பாற்றப்படும். நான் வீட்டிலிருந்து மேற்பார்வை செய்கிறேன் என்று அறிவித்தேன்.

“பிரான்ஸ்ல ஏறுனது யாரு மச்சான்?” என்று அவன் கேட்டான். “தம்பியா, அக்கா புருசனா?”

அக்கா புருஷன்தான்.

“எனக்கு அக்கா புருசன் யாரு?”

என் கதையாலேயே நான் மாட்டிக்கொண்டேன். மனைவி அதற்குள் எனக்கு ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்திருந்தாள். அவள் வரவில்லை. வீட்டில் அடுப்படியில், நானாவின் பெட்டியிலிருந்து வாங்கி வந்த இன்னொரு வெப்பமானியோடு உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொன்னாள். நாங்கள் கீழே இறங்கும் நேரத்தில் இங்கேயும் கோடு ஏறினால் கதை முழுவதும் பொய்யாகிவிடுமே, சாமியாருடைய வேலைதான் முக்கியம், அதை உங்களை நம்பி விட முடியாது என்றாள். புறப்படும் முன் இரண்டு வெப்பமானியையும் ஒரே கேத்தலில் போட்டு இரண்டும் ஒன்றையே காட்டுகின்றனவா என்று பார்த்தாள். அதை நான் யோசித்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லீக்ஸும் கோவாவும் ஏற்றிய லொறியின் முன் ஆசனத்தில், மடியில் கேத்தலை வைத்துக்கொண்டு, விஞ்ஞான வரலாற்றில் நான் பிரவேசித்தேன். பெண் கேட்கப் போகும்போது கூட அவ்வளவு கவனமாக எதையும் மடியில் வைத்துக்கொண்டு போனதில்லை. மச்சான் வளைவுகளில் லொறியைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஓட்டினான். பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து எங்களைத் திட்டின.

இறம்பொடையில் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில், தேநீர்க் கடையொன்றின் ஓரமாக நிறுத்தினோம். தேநீர்க் கடையின் முன்னால் சொந்த அடுப்பைப் பற்றவைப்பது மரியாதையில்லை என்பது பற்ற வைத்த பிறகுதான் உறைத்தது. கடைக்காரர் பார்த்த பார்வைக்கு இரண்டு தேநீர் வாங்கிக் குடித்தோம். அதற்குள் மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் ஒருவர் என்ன கொதிக்கிறது என்று சிங்களத்தில் விசாரித்தார். காற்றின் பாரத்தை அளக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வெறும் தண்ணீர்தான் என்று உறுதியானதும் என்மேல் அவருக்கு ஒரு பரிதாபம் வந்தது. கோடு எங்கே நிற்கிறது என்று கடைசி வரை கூடவே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தொண்ணூற்றாறரை.

நான் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இங்க தொண்ணூத்தி நாலுதான்” என்றாள். “அசையல. நீங்க சரியாப் பாத்தீங்களா? கண்ணாடி போட்டுக்கிட்டா பாத்தீங்க?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றாறரைதான்.

புஸல்லாவையைத் தாண்டிக் கம்பளைக்கு இறங்கினோம். ஸ்வெட்டரைக் கழற்றினேன். காதுக்குள் ஏதோ திறந்துகொண்டது. எத்தனையோ தடவை இந்தப் பாதையில் காது அடைத்துத் திறந்திருக்கிறது. அது காற்றுக் கடலில் மூழ்குவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பளையில் கோடு தொண்ணூற்றெட்டைத் தாண்டிச் சற்று மேலே நின்றது. மச்சான் வெப்பமானியைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்தான். எந்த வெப்பமானியும் அவன் லொறியில் கெட்டுப்போகவில்லை. மேலேயும் சரி, கீழேயும் சரி, அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் அதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்.

மனைவியின் குரல் தொலைபேசியில் வந்தது. “இங்க இன்னும் தொண்ணூத்தி நாலு. கேத்தல்ல தண்ணி வத்திப் போச்சு, ரெண்டு தரம் ஊத்திட்டேன்.” பிறகு சொன்னாள்: “இப்ப நூறுன்னு எழுதுவேங்க. கடல்கிட்ட நூறு.”

மச்சான் கொழும்புக்குப் போனான். நான் பஸ்ஸில், கேத்தலை அணைத்தபடி மலைக்குத் திரும்பினேன். கம்பளையில் வாங்கிய மிக்ஸர் பக்கற் வீடு போய்ச் சேருவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருந்தது. கொழும்பிலிருந்து வரும் பக்கற்றுகள் எங்கள் கடைகளில் எப்போதும் அப்படித்தான் தொங்கும். காம்பராப் பிள்ளைகள் அதைக் கண்டு, உள்ளே நிறைய இருக்கிறது என்று நம்பி ஏமாறுவார்கள். அவர்களுடைய உதவியாளர் அந்தப் பக்கற்றை மேசைமேல் வைத்து நாலாபக்கமும் சுற்றிப் பார்த்தாள். திறக்க விடவில்லை.

அதன் பிறகு அவள் படித்த வேகத்துக்கு என்னால் கதை சப்ளை பண்ண முடியவில்லை. நான் ஒரு விஞ்ஞானியைப் பெற்றெடுத்து, வளர்த்து, சண்டை போட வைப்பதற்குள் அவள் அவருடைய விதியைப் போட்டுக் கணக்கை முடித்திருப்பாள். கடைசி மாதத்தில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது எங்கள் வீட்டில் தெளிவாகத் தெரிந்தது. மின்சுற்று எனக்கு இப்போது விளங்குகிறது என்றால் அது அவள் புண்ணியம்.

பரீட்சையன்று எனக்கு ஒரே பயம். விடைத்தாளில் இவள் நூறு என்று எழுதிவிட்டு நிறுத்துவாளா, அல்லது கடல்மட்டம், இறம்பொடை, கம்பளை என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டு போய் நேரத்தைக் கோட்டை விடுவாளா? வாசலில் காத்திருந்தேன். பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே சேலையுடுத்தி உள்ளே போனாள். அவள் ஒருகாலத்தில் மூக்குச் சிந்திவிட்ட பிள்ளைகள் இரண்டு பேர் அதே மண்டபத்தில் இருந்தார்கள். அக்கா என்று கூப்பிட்டு வணக்கம் சொன்னார்கள். இவள் பேனையைக் கடிக்காதே என்று ஒருத்திக்குச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டேன், கொதிநிலை வந்ததா என்று.

“வரவே இல்ல” என்றாள்.

வில்லைகள் வந்திருந்தன, நெம்புகோல் வந்திருந்தது, ஒரு வரைபு வந்திருந்தது. நீரைக் கொதிக்க வைப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு லொறி, ஒரு அடுப்பு, ஒரு பொலிஸ்காரர், பிரான்ஸ் தேசம் முழுவதும் வீணாகப் போயிற்றே என்று நான் அங்கலாய்த்தேன். அவளோ, வரைபைப் பார்த்ததும் பயமே வரவில்லை, எங்கே ஏறுகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று கேத்தலைப் பார்த்த மாதிரியே பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தாள்.

பெறுபேறு வந்த அன்று அவள் காம்பராவில் இருந்தாள். இலக்கத்தைக் கொடுத்துத் தொலைபேசியில் பார்த்தவன் நான். விஞ்ஞானம்: ‘சீ’. நான் அதை மூன்று தடவை படித்தேன், கண்ணாடி போட்டும் போடாமலும். எங்கள் வீட்டில் விஞ்ஞானத்தில் இரண்டு பெறுபேறுகள் இருக்கின்றன. அவற்றில் கீழானது என்னுடையது. என் வாழ்நாளில் யாரிடமும் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பாடசாலையில் ஆசிரியர் அறையில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். நானாவின் கடையில் போய்ச் சொன்னபோது, அவர் மேசைக்குக் கீழிருந்த பெட்டியை எடுத்து முன்னால் வைத்து, “இத இனி நான் நல்ல சாமான் என்றே விக்கலாம் தானே மாஸ்டர்?” என்று கேட்டார். தாராளமாக விற்கலாம் என்றேன். இப்போது ஒவ்வொரு வெப்பமானியோடும், நுவரெலியாவில் தொண்ணூற்று நான்குதான் காட்டும் என்று ஒரு சிறு துண்டுக் கடதாசியும் சேர்த்துக் கொடுக்கிறார்.

நியமனம் வந்தது. பழைய பொறுப்பாளர் காம்பரா சாவியை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் என்னையும் வரச் சொன்னாள். பதவியேற்பு வைபவத்தில் வாழ்த்துரை ஏதும் இருக்கும் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். கதிரையைப் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அடுப்புக்கு மேலே தொங்கிய அந்தப் பழைய அட்டையைக் கழற்றவில்லை. கதிரையில் ஏறி நின்று, நூறு பாகை என்பதற்குக் கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினாள்: இது கடல்மட்டத்தில். இங்கே 94. பொங்கிக் கொதித்தால் போதும். எழுதிவிட்டு, ஒரு நொடி யோசித்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பொறுப்பாளர் என்று அடைப்புக்குறியில் எழுதினாள். அதுதான் அந்தப் பதவியில் அவள் போட்ட முதல் கையெழுத்து.

தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளையொன்று தொட்டிலுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தது. கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கதிரையின் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அடிவாரத்தில் அசையாமல் இருக்கும் அந்தச் சாமியாரின் வேலை, கடைசியில் என்னை நம்பியும் விடப்பட்டிருந்தது.